சவேரியம்மாளின் இரண்டு படங்கள்

நம் பக்கத்தில் எதிரே வருகிறவரிடம் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா?" என்றுதான். சாப்பிட்டிருக்கக் கூடாதே என்ற கவலையோடு கேட்கிற கூட்டம் நாம் மட்டும்தான். எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்களும் இதற்குள் நூறு பேரிடமாவது கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியில் நான் எப்படித் தவறினேன் என்று உங்களிடம் சொல்லவேண்டும் என்று பல நாளாக நினைத்திருக்கிறேன்.

இன்று வயிற்றின் மேல் பசையைத் தடவி ஒரு கருவியை நகர்த்தினாலே உள்ளிருப்பது திரையில் தெரிகிறது. நான் ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த ஐம்பதுகளின் கடைசியில், கத்தி வைக்காமல் ஒருவரின் உணவுக்குழாயைப் பார்க்க எங்களிடம் இருந்தது ஒரே வழி. பேரியம் என்கிற வெள்ளை மாவை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். அது இறங்குகிற பாதை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எங்கே நிற்கிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதை வைத்து நோயைச் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சுண்ணாம்புக் கஞ்சி. குடிக்கிறவர் வெறும் வயிற்றோடு வரவேண்டும். உள்ளே சோறு கிடந்தால் சோறும் கட்டியும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கமுதியிலிருந்து வந்த மிளகாய் வியாபாரி ஒருவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். படத்தைப் பார்த்தால் இரைப்பை நிறைய என்னவோ மிதக்கிறது. துருவிக் கேட்டபோது, "ரெண்டு வடை தின்னேன். வடையெல்லாம் சாப்பாட்டுல சேருமா தம்பி?" என்றார். அவரைப்போல நாலைந்து பேரைப் பார்த்ததும் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. நோயாளி பொய் சொல்வார், படம் பொய் சொல்லாது என்று அடித்துப் பேசுவேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

எங்கள் டாக்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார். அறையை இருட்டாக்கி, பேரியம் இறங்குவதைத் திரையில் நேராகப் பார்க்கிற நாட்களில், கண் இருட்டுக்குப் பழகவேண்டும் என்று அரைமணி நேரம் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வார்டைச் சுற்றுவார். அந்தக் கோலத்தைப் பார்த்துக் குழந்தைகள் அலறும். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்து சமாதானம் செய்வார். அலறல் இன்னும் கூடும். "எல்லாக் குழந்தைக்கும் நுரையீரல் நல்லா இருக்குப்பா" என்று சிரித்துக்கொண்டே போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு மீனவக் குடும்பம் ரயிலேறி வந்தது. புருஷன் பெயர் அருளப்பன். மனைவி சவேரியம்மாள்; முப்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டி, காதுத் தோடு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எதை விழுங்கினாலும் நெஞ்சிலே நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் எதிர்க்களித்து வந்துவிடுகிறது என்றார்கள். யாரோ காற்றுச்சேஷ்டை, பேய் பிடித்திருக்கிறது என்று சொல்ல, ஏர்வாடி தர்காவுக்குக்கூடக் கூட்டிப்போய் மூன்று நாள் தங்கியிருக்கிறார்கள். டாக்டருக்கு அன்று திரையில் பார்க்க நேரமில்லை. படம் மட்டும் எடுத்து வைக்கச் சொன்னார்.

அவள் பேரியத்தை மடக்கு மடக்காகக் குடித்தாள். படத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தேன். உணவுக்குழாயின் கீழ்ப்பாதியில் வெள்ளைக்கு நடுவே கரும்புள்ளிகளும் திட்டுகளும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈரப்படத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து, காத்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஏம்மா, சாப்பிட்டுட்டு வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் சாப்பிடலங்கய்யா. நேத்துல இருந்து ஒண்ணுமே சாப்பிடல."

"அப்ப உள்ள கெடக்கிறது என்ன, கடக்கரை மணலா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அருளப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. அதைக் கவனித்தேன், கவனித்தும் எனக்கு உறைக்கவில்லை.

இரவு வார்டிலேயே தங்கச் சொல்லி மறுநாள் காலை இன்னொரு படம் எடுத்தேன். அதே புள்ளி, அதே திட்டு. படத்தகடுகள் மதுரையிலிருந்து எப்போதாவது வருகிறவை. ஒரே நோயாளிக்கு இரண்டு நாள் வீணடித்ததைச் சொன்னால் திட்டு விழும். அன்று பார்த்துத் திருப்புல்லாணிப் பக்கம் ஒரு வண்டி குடைசாய்ந்து, அடிபட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். டாக்டர் ரத்தக்கறை படிந்த சட்டையோடு ஓடிவந்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெறும் வயிறுதானே தம்பி?"

அவள் சாப்பிட்டிருக்கிறாள் என்றுதான் என் மனம் உறுதியாக நம்பியது. ஆனால் வாய், "ஆமாங்கய்யா, வெறும் வயிறுதான்" என்றது.

வெறும் வயிறு என்றால் அந்தத் திட்டுகள் உணவு அல்ல. உணவு இல்லையென்றால் கட்டி. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். அருளப்பனைத் தனியே வராந்தாவுக்கு அழைத்து, உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவள் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடிபட்டவர்களைப் பார்க்க ஓடினார். ஒரு வாய் இறங்காதவளுக்கு ஆசைப்பட்டதைக் கொடுப்பது எப்படி என்று அருளப்பன் கேட்கவில்லை. இருவரும் அடுத்த ரயிலில் போய்விட்டார்கள்.

மத்தியானம் ஆயா எக்ஸ்ரே அறையைக் கழுவ வந்தார். படம் எடுத்து முடிந்ததும் சவேரியம்மாள் வாந்தியெடுத்த பீங்கான் பேசின் மூலையில் இருந்தது. அதைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஏலே, இங்கன வா. இந்தப் பிள்ளையவா சாப்பிட்டுட்டுப் பொய் சொல்லுதுன்னு வஞ்ச?"

"ஆமா. ஏன்?"

"நேத்துக் காலையில இருந்து என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. நான் குடுத்த கஞ்சியக்கூட வாங்கல. இதைப் பாரு."

பேரியத்தின் வெள்ளைக்குள் பச்சையாகச் சிறுசிறு இலைகள் கிடந்தன. முருங்கைக்கீரை.

"இந்த ஆசுபத்திரியில கீரை ஏது?" என்றார் ஆயா. "வீட்டுல தின்னது. அது எப்பத் தின்னதோ, இன்னும் அங்கனயே நிக்கிது."

அவள் சொன்னது உண்மை. படமும் உண்மை. நடுவில் இருந்த ஒரே பொய் என்னுடையது.

டாக்டர் அப்போதுதான் கடைசிக் காயத்துக்குத் தையல் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தும் வெறும் வயிறு என்று சொன்னதை, பேசினை, கீரையை. சோப்பு நுரையோடு அவர் கை அப்படியே நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் குழாயோட அகலத்தைப் பாரு" என்றார். "கட்டி அடைச்சா இவ்வளவு விரியறதுக்கு நாள் குடுக்காது. இது வருஷக்கணக்கா விரிஞ்சது. நான் புள்ளியையே பார்த்தேன், அகலத்தைப் பார்க்கல. எத்தனை நாளா இப்படின்னு அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல."

"தப்பு என்னோடதுங்கய்யா."

"உன்னோடது ஒண்ணு, என்னோடது ரெண்டு. காலையில ரயிலைப் புடிச்சுப் போய்க் கூட்டிட்டு வா."

வாசல்வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார். "பிழைச்சிருவாங்கன்னு சொல்லி அழைச்சிட்டு வராதே. நமக்கு இன்னும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியே வரவைக்கணும். முடியுமா?"

இந்தத் தொழிலில் அவர் எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே கடினமானது அதுதான்.

பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனேன். இறங்கி, தங்கச்சிமடத்தைத் தாண்டி மணலில் நடந்து, கேட்டுக் கேட்டு அவர்கள் குடியிருப்பை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஓலைவீட்டு வாசலில் அருளப்பன் உட்கார்ந்திருந்தான். எல்லா வத்தைப் படகுகளும் கடலுக்குப் போயிருக்க, அவனுடையது மட்டும் கரையில் கிடந்தது. அவஸ்தை பூசுவதற்குச் சாயங்காலம் சாமியார் வரப்போகிறார் என்று வழிகாட்டியவர் சொல்லியிருந்தார். சாகக்கிடக்கிற கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார் செய்கிற சடங்கு அது.

வீட்டுக்குள்ளிருந்து சவேரியம்மாளின் குரல் கேட்டது. பத்து வயது மகளுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "புளி கொதிச்ச பொறகு மீனைப் போடணும்டி. மொதல்லயே போட்டா ஒடஞ்சுரும். ஒங்க அய்யாவுக்கு ஒடஞ்ச மீனு புடிக்காது."

அருளப்பன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். எழுந்திருக்கவில்லை.

"என்ன, இன்னும் எதாச்சும் பாக்கியிருக்கா?"

"அக்காவுக்குத் திரும்ப ஒரு படம் எடுக்கணும்ணே."

"அவ சாகுறதப் படம் புடிக்கணுமாக்கும்?"

"அது கட்டிதானான்னு டாக்டருக்கே சந்தேகம் வந்திருக்கு."

அவன் முகம் மாறியது. "அப்ப பொழச்சுக்கிருவாளா? அத ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வாரேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. முந்தின நாள் அப்படி ஒரு சுலபமான ஆமாம் சொன்னதால்தான் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியாதுண்ணே. பார்த்தாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு தெரியும். அக்கா பொய் சொல்லல. பொய் சொன்னது நான்." மிச்சத்தையும் சொன்னேன்.

அவன் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன். அவன் என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்தபடி நின்றான்.

"ரயில்ல போறப்ப நானும் கேட்டேன். 'என்னத்தடி தின்ன, உண்மையச் சொல்லு'ன்னு. சாகப்போறவகிட்ட அதைக் கேட்டுட்டேன்."

சவேரியம்மாள் வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தக் கீரை ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து தின்னது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தின்றது புதன்கிழமை வெளியே வந்திருக்கிறது.

"எத்தனை நாளா இப்படிக்கா?"

"சின்னவன் பொறந்ததுல இருந்து. அஞ்சு வருசம் ஆச்சு."

"அஞ்சு வருஷமா என்னத்தச் சாப்பிட்டு இருந்தீக?"

அவள் புருஷனை ஒருதரம் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னாள். "எல்லாரும் தின்னுட்டுப் போன பொறகு, வீட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டுத் தின்பேன். ரெண்டு வாய் தின்னுட்டுச் சுடுதண்ணி குடிப்பேன். ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, மூச்சப் புடிச்சு நின்னா, சில நேரம் கடகடன்னு எறங்கிரும். எறங்காட்டி அன்னைக்குப் பட்டினி. வெக்கமா இருக்கும்ல, யாருகிட்டயும் சொன்னதில்ல."

அருளப்பன் அவளை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். சாமியாரிடம் சொல்லிவிடும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மூவரும் கிளம்பினோம்.

டாக்டர் இந்த முறை அவசரப்படவில்லை. இரண்டு நாள் வெறும் நீராகாரம். பிறகு ரப்பர் குழாய் விட்டு, உள்ளே தங்கியதைக் கழுவி எடுத்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினேன். அவர் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். சவேரியம்மாள் திரைக்குப் பின்னால் நின்றாள். பச்சை மினுமினுப்பில் அவள் விலா எலும்புகள் தெரிந்தன.

"குடிம்மா."

பேரியம் இறங்கி, அகன்ற குழாயில் குளம்போலத் தேங்கியது. புள்ளியும் இல்லை, திட்டும் இல்லை. அடியில் வழவழவென்று கூம்பி, ஒரு புள்ளியில் வந்து நின்றது. சொட்டுக்கூட இறங்கவில்லை.

டாக்டர் காத்திருந்தார். எக்ஸ்ரே கதிரை அதிக நேரம் ஓடவிட முடியாது. கருவியை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். "வழவழப்பா இருக்கு. ஆனா திறக்கிறதைப் பார்க்காம என்னால சொல்ல முடியாது" என்று முணுமுணுத்தார். மூன்றாம் தடவை அணைத்தபோது அவள் இரும ஆரம்பித்தாள். தேங்கியது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் ஆபத்து. நிறுத்திவிடலாம் என்று அவர் கையைத் தூக்கியது இருட்டிலும் எனக்குத் தெரிந்தது.

"ஐயா, அக்காவுக்கு ஒரு வழி தெரியும். சுடுதண்ணி வேணும்."

ஒரு கணம்தான் யோசித்தார். "இருமல் நிக்கட்டும். அப்புறம் குடு. மறுபடி இருமினா நானே நிறுத்திருவேன்."

இருமல் நின்றது. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, "கையத் தூக்கிக்கிடவா?" என்று கேட்டாள்.

"வீட்டுல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்கம்மா" என்றார் டாக்டர்.

அவள் இரண்டு கைகளையும் தூக்கி மூச்சைப் பிடித்தாள். திரையில் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கூம்பின் நுனியில் ஒரு நூல் தெரிந்தது. நூல் விரலாயிற்று. மழைக்காலத்தில் முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்து தண்ணீர் கடலுக்குள் பாயுமே, அதுபோல வெள்ளை முழுவதும் இரைப்பைக்குள் பாய்ந்தது.

"திறந்திருச்சு" என்றார் டாக்டர். "கட்டி இப்படித் திறந்து வழிவிடாதும்மா. இது தசை இறுக்கம்."

இன்று நீங்கள் அகலேசியா என்று பாடத்தில் படிக்கிற நோய் அது. உணவுக்குழாயின் அடிவாசல் தசை தளராமல் இறுகிக் கிடப்பது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தத் தசையைக் கீறிவிட்டால் சோறு இறங்கும்.

வெளியே அருளப்பன் காத்திருந்தான். டாக்டர் அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டார். "போன தடவை நான் சொன்னது தப்பு அருளப்பன். உங்க சம்சாரத்துக்குப் புற்று இல்ல. உங்களை அந்த மாதிரி அனுப்பினதுக்கு என்னை மன்னிச்சிருங்க" என்றார். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் ஒரு மீனவனிடம் அப்படிச் சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அருளப்பன் எழுந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பிறகு, "சாமியாரை வரச்சொல்லியிருந்தேன், அவருக்கு என்ன பதில் சொல்றது?" என்றான். டாக்டர் சிரித்துவிட்டார். "நன்றிப் பூசை வைக்கச் சொல்லுங்க."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் உங்களுக்கு இதன் மறுபாதியும் தெரியவேண்டும்.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்துச் சவேரியம்மாள் வந்தாள். உடம்பு தேறி, அடையாளமே தெரியவில்லை. கூடத் தன் அண்ணனைக் கூட்டிவந்திருந்தாள். மிக்கேல் என்று பெயர். சங்கு குளிக்கிறவர், பாறை மாதிரித் தோள். இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லையாம். "இவரு சொல்றதக் கேட்டுட்டுப் படம் எடுங்க தம்பி" என்றாள். கேட்டேன். என்றைக்குத் தொடங்கியது, எது இறங்குகிறது, எது நிற்கிறது, கடைசியாக எதைச் சாப்பிட்டார் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு அறையை இருட்டாக்கினோம்.

இந்தமுறை வழவழப்பு இல்லை. அரித்த பாறை விளிம்புபோல ஒரு பக்கம் கடிபட்டுக் கரடுமுரடாக இருந்தது. மேலே குழாய் விரியவுமில்லை. வெந்நீர் கொடுத்துப் பார்த்தோம், கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தோம். திறக்கவில்லை. டாக்டர் மூன்று முறை பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

வெளியே வந்து அவரே சவேரியம்மாளிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒருதரம் தப்பாகச் சொன்ன அதே வார்த்தையை அதே வராந்தாவில் மறுபடி சொல்கிறோம்.

"மதுரைக்கு எழுதித் தரேம்மா. அங்கயும் காட்டுங்க. எங்க மேல சந்தேகம் இருந்தா அது நியாயம்தான்" என்றார் டாக்டர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பாச் சொன்னப்பவே நம்புனோம் ஐயா. சரியாச் சொல்றப்ப நம்ப மாட்டமா?"

மதுரையிலும் அதையே சொன்னார்கள். ஊருக்குத் திரும்புகிற வழியில் இறங்கி, நேராக என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

"இனிமே அண்ணனுக்கு என்னென்ன எறங்கும், அதைச் சொல்லுங்க தம்பி. எம் மகளுக்கு வாசிக்கத் தெரியும், எழுதியே குடுத்துருங்க."

டாக்டரிடம் கேட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வடித்த கஞ்சி, மீன்சாறு, பால், இளநீர். எழுத எழுத வாசித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். நல்ல சூடாகக் கொடுக்கவும் என்று எழுதியதை வாசித்தபோது நிறுத்தினாள்.

"நல்ல சூடு வேணாம் தம்பி. தேங்கி நிக்கையில சுடும். வெதுவெதுன்னு இருந்தாப் போதும். எனக்குத் தெரியும்."

நான் எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினேன்.